அறுபது வாட்

செத்த பல்பைக் காதோரம் வைத்து
ஆட்டிப் பார்த்தார் நெய்னா முகம்மது.
உள்ளே ஏதோ கிலுங்கியது,
உப்புக்கல்லைவிடச் சன்னமாக.
"போயிருச்சு" என்றார், எனக்குக் கேட்காததுபோல.

மார்சிலிங் உணவங்காடி, காலை ஐந்தேகால்.
போன மாதம் இந்த வடைப்பெட்டிக்கு
எல்இடி மாட்டிக் கொடுத்தவள் நான்தான்.
ஒன்பது வாட். வெளிச்சம் அதே வெளிச்சம்,
கரண்ட் பில் குறையும் என்று
பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்றே நாளில் இறால் வடை விறைத்ததாம்.
கறிபஃப் வியர்த்துத் தோல் உரிந்ததாம்.
இழுப்பறையில் கிடந்த கடைசிக் குண்டு பல்பை
அவரே எடுத்துத் திருகிக்கொண்டார்.
அது இன்றைக்கு, சுவிட்சைத் தட்டிய நொடியில்,
நீலமாய் ஒருமுறை மின்னிவிட்டுப் போய்விட்டது.

"நாள் பூரா எரியிறப்ப ஒண்ணும் ஆவுறதில்ல.
காலையில தட்டுறப்பதான் சாவுது, ஏன்?"
கேட்டுவிட்டுக் கடலை மாவைக் கரைக்கப் போனார்.
பதிலுக்கு அவர் நிற்கவில்லை,
ஆகவே எண்ணெய்ச் சட்டியிடம் சொன்னேன்.

குளிர்ந்த கம்பிக்கு மறுக்கத் தெரியாது.
மின்சாரம் வரிசையில் நிற்காது,
பத்து மடங்குக்கும் மேலாய் முண்டியடித்து நுழையும்.
சூடேறிய பிறகுதான் கம்பி
ஒவ்வொருவராக வா என்கிறது.
கண்சிமிட்டும் நேரம்தான் எல்லாம்.
வயதான கம்பிக்கு அது நீண்ட நேரம்.

சுருட்டி, சுருட்டியதை மறுபடி சுருட்டி,
முழக்கணக்கான டங்ஸ்டனை
விரற்கணு நீளத்துக்குள் அடைத்திருக்கிறார்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி.
இரும்பென்றால் எப்போதோ கஞ்சியாகியிருக்கும்.
சுற்றிலும் ஆர்கான், யாரோடும் சேராத வாயு.
வெளிக்காற்று ஒரு மடக்கு புகுந்தாலும்
கம்பி புகையாகிவிடும்.

அப்படிக் காத்தும் அது தேய்கிறது.
அணு அணுவாய்க் கிளம்பிப்போய்
கண்ணாடியில் உட்காருகிறது.
நெய்னாவின் பல்புக்கு உச்சந்தலை கறுத்திருந்தது,
நெய்னாவுக்கு நேர்மாறாக.
மெலிந்த இடத்தில் சூடு கூடும்,
சூடு கூடிய இடம் மேலும் மெலியும்;
வட்டி கட்டக் கடன் வாங்குகிறவன் கணக்கு.

பயிற்சி வகுப்பில் ஒரு படம் போட்டார்கள்.
நூறு பங்கு மின்சாரத்தில்
வெளிச்சமாவது ஐந்தோ ஆறோதான்.
மீதிக்குச் சிவப்பில் தடித்த அம்புக்குறி,
அதன்மேல் 'வீண்' என்று ஒரு சொல்.
அதையே தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
அந்த அம்பு எங்கே போய் முடிகிறது என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.
மார்சிலிங்கில் அது வடைக்குப் போகிறது.

ஐந்தரைக்குப் புஷ்பராணி வந்தாள்,
பாலத்து நெரிசலில் நின்ற மோட்டார்சைக்கிள் புகை
உடம்பெல்லாம் மணக்க.
மழைச்சட்டைக்குள் ஒரு காலுறை,
காலுறைக்குள் பல்பு.
"ஜோகூர்ல மூணு ரிங்கிட்.
கோழிக்குஞ்சுக்கான்னு கேட்டான் கடைக்காரன்."
"நீ என்ன சொன்ன?"
"ஆமான்னேன்."

பையிலிருந்து ஒரு டிம்மரை எடுத்து மாட்டினேன்.
இனிமேல் தட்ட வேண்டாம், திருகினால் போதும்.
"மெதுவா, ரேடியோ சத்தம் கூட்டுற மாதிரி."
நெய்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு சிகரெட் நுனிச் சிவப்பு,
செம்மஞ்சள்,
பழுத்த எலுமிச்சை.
டாக்ஸியை நிறுத்திவிட்டு வந்த ஹெங்
கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு
இரண்டு விரல் காட்டினான்: இரண்டு வடை.

எல்இடியைக் கழற்றிக்கொண்டுபோய்ப்
பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டினேன்.
அங்கே வெளிச்சம் மட்டும் போதும்.

ரசீதில் 'பழுதின் விவரம்' என்றொரு கட்டம்.
வெகுநேரம் யோசித்து,
'விளக்கு நன்றாக எரிந்தது. அதுதான் பழுது'
என்று எழுதினேன்.
கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது.
விரலெல்லாம் வடை எண்ணெய்.